இரண்டே வாரத்தில் திரும்பி வந்த பேன்

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. இடுப்பு வரை முடி. தலையில் பேன் சேர்ந்துவிட்டது என்று மருந்துக்கடையில் மருந்து வாங்கித் தேய்த்துக் குளிப்பாட்டினேன். நிறையச் செத்து விழுந்தன. இரண்டே வாரத்தில் மறுபடியும் சொறிகிறாள். பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பிள்ளையிடமிருந்துதான் ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறேன். சீத்தாப்பழ விதையை அரைத்துத் தடவலாம் என்கிறார் என் மாமியார். மகள் அவருடன்தான் படுத்துத் தூங்குவாள். பேசாமல் மொட்டை அடித்துவிடலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, முதலில் அந்தச் சீத்தா விதை அம்மியில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது பேனைக் கொல்லும் என்று உங்கள் மாமியார் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்தத் தூள் ஒரு துளி கண்ணில் பட்டாலும் கருவிழியின் மேல்தோலைப் புண்ணாக்கிவிடும். சில மணி நேரத்தில் கண் சிவந்து, நீர் கொட்டி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் பிள்ளை துடிக்கும். அப்படி எப்போதாவது பட்டுவிட்டால், கால் மணி நேரம் நல்ல தண்ணீரால் கண்ணைக் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, கற்பூரம் கரைத்த எண்ணெய் ஆகியவையும் பிள்ளையின் தலைப்பக்கமே வரக்கூடாது.

இனி, போன பேன் ஏன் திரும்பி வந்தது? அது போகவே இல்லை என்பதுதான் என் சந்தேகம். நீங்கள் கொன்றது பேனை. ஈர் அப்படியே இருந்தது. கடைகளில் கிடைக்கும் பெர்மெத்ரின் போன்ற மருந்துகள் பேனின் நரம்பைத் தாக்குபவை. ஈருக்குள் இருக்கும் கருவுக்குத் தொடக்க நாட்களில் நரம்பே உருவாகியிருக்காது. மருந்து எதைத் தாக்கும்? அந்த ஈர்கள் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் பொரிக்கின்றன. பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிட மேலும் பத்து நாள் போல ஆகும். இந்த இடைவெளியில்தான் இரண்டாம் முறை மருந்து போடவேண்டும்: முதல் நாள் ஒன்று, ஒன்பதாம் நாள் ஒன்று. பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இந்த ஒன்பதாம் நாளைத்தான்.

பெர்மெத்ரின் 1 சதவீதம் என்று அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். 5 சதவீதம் என்பது சொறி சிரங்குக்கானது. கண்டிஷனர் போடாமல் ஷாம்பூவால் மட்டும் தலையை அலசி, துண்டால் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே அடிமுடியிலிருந்து நுனிவரை தடவுங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தாராளமாக. கண்ணைத் துண்டால் மூடிக்கொள்ளட்டும். பத்து நிமிடம் கழித்து, தலையைக் குனியவைத்து அலசுங்கள். மருந்து உடம்பில் வழியவேண்டாம். அடுத்த இரண்டு நாள் ஷாம்பூ கூடாது.

மூன்றாம் நாளிலிருந்து சீப்பு. மருந்தைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். நனைத்த முடியில் கண்டிஷனர் பூசினால் பேன் சட்டென்று ஓட முடியாது. முடியை நான்காகப் பிரித்து, பல் நெருங்கிய பேன் சீப்பை மண்டைத்தோலில் படியவைத்து நுனிவரை இழுங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். எள் அளவில் பழுப்பாக ஊர்வது வளர்ந்த பேன். ஊசிமுனை போல் இருப்பது குஞ்சு. இடுப்பு வரை முடி என்றால் முக்கால் மணி நேரம் ஆகும், கதை சொல்லிக்கொண்டே செய்யுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை, குறைந்தது இரண்டு வாரம்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஈர் அல்ல. பொடுகு ஊதினால் உதிரும். ஈர் முடியில் ஒட்டிக்கொண்டு, நகத்தால் உருவினால்தான் வரும். மண்டையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பது அநேகமாக வெறும் ஓடு. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தானே வளர்கிறது! அதைப் பார்த்துப் பதறி மீண்டும் மருந்து போடுவது, ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்கும் கதை.

மொட்டை அடித்தால் பேன் போகும், உண்மைதான். எட்டு வயதுப் பெண் அந்தத் தலையோடு வகுப்புக்குப் போகவேண்டுமே! கோயில் வேண்டுதல் இருந்தால் அது வேறு, பேனுக்காக வேண்டாம்.

தலையைவிட்டு விழுந்த பேன் இரண்டு நாளுக்குமேல் பிழைக்காது. தலையணை உறை, துண்டு, சீப்பு ஆகியவற்றைச் சுடுநீரில் அலசினால் போதும். தலையில் சீழ், பொருக்கு, கழுத்தில் நெறிகட்டுதல், காய்ச்சல் இருந்தாலோ, இரண்டு முறை சரியாக மருந்து போட்டும் உயிருள்ள பேன் தென்பட்டாலோ நேரில் காட்டுங்கள். மாத்திரை உண்டு, எடை பார்த்து மருத்துவர்தான் தரவேண்டும்.

பக்கத்து இருக்கைப் பிள்ளையைக் குற்றம் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி: உங்கள் மாமியார் தலையைப் பார்த்தீர்களா? பேனுக்குத் தாவவும் தெரியாது, பறக்கவும் தெரியாது; தலையோடு தலை ஒட்டினால் ஊர்ந்து ஏறும். ஒரே தலையணையில் இரவு முழுவதும் படுத்துக் கதை கேட்பதைவிட அதற்கு வேறு வசதி எது? பேன் புதிதாக ஏறும்போது அரிப்பு தொடங்கவே நான்கைந்து வாரம் ஆகலாம். ஆகையால் “எனக்கு அரிக்கவில்லையே” என்பது கணக்கில் சேராது. வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பார்த்து, பேன் இருப்பவர்களுக்கு அன்றே மருந்து போடுங்கள். மாமியாரிடம் இதை நீங்கள் சொன்னால் முகம் சுளிப்பார். பேத்தியிடம் சீப்பைக் கொடுத்து, “பாட்டிக்குப் பேன் பார்த்துவிடு” என்று அனுப்புங்கள். மறுக்கமாட்டார்.