மூன்று மணிக்குச் சாப்பிடும் அம்மா

கேள்வி (சுருக்கம்): என் அம்மாவுக்கு வயது 64. ஏழு ஆண்டுகளாக நீரிழிவு. மெற்போமினும் கிளிக்லசைட்டும் எடுக்கிறார். அம்மா, நான், மனைவி, 14 வயதிலும் 11 வயதிலும் இரு பிள்ளைகள் என ஐவரும் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் வசிக்கிறோம். சமையல் முழுவதும் அம்மாவின் பொறுப்பு. குரக்கன் மா, ஓட்ஸ், நீரிழிவுக்காரருக்கென்று விற்கும் பிஸ்கற் என்று எல்லாம் வாங்கிக் கொடுத்தும் சீனி இறங்கவில்லை. காலையில் மாத்திரையுடன் தேநீரும் இரண்டு பிஸ்கற்றும் எடுப்பார். மதியம் பிள்ளைகளும் மனைவியும் வந்து சாப்பிட்ட பிறகு, மூன்று மணிக்குத்தான் சாப்பிடுவது அவரது வழக்கம். சில நாட்களில் அதற்கு முன் கை நடுங்கி வியர்க்கிறது என்கிறார். ஒரு வாரத்துக்கான உணவுப் பட்டியல் தருவீர்களா?

பதில்: தம்பி, பட்டியல் கேட்டு வரும் கடிதங்கள் எனக்குப் புதியவையல்ல. அவற்றை எழுதுவோர் பெரும்பாலும் பிள்ளைகள். அந்தப் பட்டியலைப் பார்த்துச் சமைக்க வேண்டியவர் பெரும்பாலும் நோயாளியான தாய். வாங்கிக் கொடுத்த பண்டங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்ன நீங்கள், அம்மா மூன்று மணிக்குச் சாப்பிடுவதை மட்டும் 'வழக்கம்' என்ற ஒரு சொல்லில் கடந்துவிட்டீர்கள். காலை ஏழு மணிக்கு மாத்திரை விழுங்கிய ஒருவர் எட்டு மணித்தியாலம் காத்திருந்து உண்பதை வழக்கம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

கிளிக்லசைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரை. விழுங்கியவர் உண்டாரா, இல்லையா என்று அது விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. அதை இரண்டு பிஸ்கற்றுடன் எடுத்துவிட்டு அடுப்படியில் நிற்பவருக்குக் கை நடுங்கி வியர்ப்பது, குருதியில் சீனி அளவுக்கு மீறித் தாழ்ந்ததன் அறிகுறியாக இருக்கக்கூடும். அடுத்த முறை அப்படி நேர்ந்தால் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். அளவு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், அல்லது பார்ப்பதற்குக் கருவி இல்லாவிட்டால், மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்து உடனே குடிக்கச் செய்து, 15 நிமிடத்தின் பின் மீண்டும் பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். இந்தக் கிழமைக்குள் மருத்துவரிடம் சென்று, நடுக்கத்தையும் நேரம் தவறிய சாப்பாட்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

மூன்று மணிக்குச் சட்டியில் என்ன மிஞ்சியிருக்கும் என்று ஒரு நாளாவது மூடியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? மீன் துண்டுகள் உங்கள் மதியப் பொதியிலும் பிள்ளைகளின் கோப்பைகளிலும் போயிருக்கும். பொன்னாங்காணி வறை ஒரு பிடி கிடக்கலாம். நிறைய இருப்பது சோறும் குழம்பும் சொதியும்தான். பசியில் தவித்த உடல் அந்தச் சோற்றை இரண்டு அகப்பை கூடுதலாகவே வாங்கிக்கொள்ளும், மாலையில் சீனி ஏறி நிற்கும், அதைக் கண்டு நீங்கள் இன்னொரு பை குரக்கன் மாவுடன் வீடு திரும்புவீர்கள். குரக்கனை நான் பழிக்கவில்லை. நார்ச்சத்தில் அது வெள்ளை அரிசியைவிட மேலானது. ஆயினும் 100 கிராம் குரக்கன் மாவில் ஏறக்குறைய 70 கிராம் மாச்சத்து இருக்கிறது. நீத்துப்பெட்டி நிறையப் பிட்டு அவித்து உண்டால் சீனி ஏறத்தான் செய்யும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தால் ஒன்றும் செய்யாது என்று ஊரில் சொல்லும் ஆறுதலையும் நம்ப வேண்டாம், அதுவும் சீனிதான்.

அம்மாவின் கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையுமாக இருக்கட்டும்; கால் பங்கு மீன், முட்டை, பயறு, கடலை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று; எஞ்சிய கால் பங்குக்கு மட்டும் சோறு, அதுவும் தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோறானால் நல்லது. வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கக்கூடிய வல்லாரை, முருங்கையிலை, பயற்றங்காய், பாகற்காய், வாழைப்பூ எதற்கும் தனிச் சட்டி வேண்டியதில்லை. ஐவரும் அதையே உண்ணலாம். தாய்க்கு நீரிழிவு இருக்கும்போது மகனுக்கும் அது வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் உங்களுக்கும் அது தேவைப்படும் சாப்பாடுதான். காலையில் பிஸ்கற்றை நிறுத்திவிட்டு, அவித்த பயறோ கௌப்பியோ ஒரு சிறு கிண்ணம் சம்பலோடு கொடுக்கலாம். அல்லது சிவப்பரிசி மா இடியப்பம் மூன்றும் ஒரு முட்டையும் போதும்.

அம்மா கேட்கமாட்டார் என்பீர்கள். தாய்மார் கடைசியில் உண்பதைத் தியாகம் என்று புகழ்ந்து புகழ்ந்தே நாம் முதலில் உண்டு பழகிவிட்டோம். பெற்றவரைப் பேணுவது பிள்ளையின் கடமை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அந்தக் கடமையை மகன் தன் மனைவியின் தலையில் கட்டிவிடுவதை என்னால் ஏற்க முடியாது. எனவே காலையில் பொதி கட்டும்போது நீங்கள் அடுப்படிக்குச் சென்று, முதற் பொதியை, நல்ல மீன் துண்டுடன், அம்மாவுக்கென்று உங்கள் கையால் கட்டி வையுங்கள். பன்னிரண்டரை மணிக்கு வேலையிடத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, சாப்பிட்டாயிற்றா என்று கேளுங்கள். இல்லை என்றால், அவர் பொதியைப் பிரிக்கும் வரை பேச்சை முடிக்காதீர்கள். 14 வயதும் 11 வயதும் ஆன பிள்ளைகளுக்குச் சோறு போட்டுச் சாப்பிடக் கைகள் இருக்கின்றன; பாட்டி காவல் நிற்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஐவரும் ஒன்றாக அமருங்கள், அகப்பை உங்கள் கையில் இருக்கட்டும். வீட்டில் மிஞ்சியிருக்கும் பிஸ்கற் பெட்டிகளை வேலைக்கு எடுத்துச் சென்று நீங்களே தின்று முடியுங்கள்.