ஃப்ரீ கன்ட்ரின்னா யாருக்கு ஃப்ரீ?

வணக்கம் அண்ணா,

நான் லண்டன்ல மாஸ்டர்ஸ் படிக்கிறேன். மேல் ஃப்ளாட்ல இருக்கிறவர் ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணி வரைக்கும் பாட்டை அலற விடுறார். போன வாரம் போய், கொஞ்சம் சத்தத்தை கம்மி பண்ணுங்கன்னு கேட்டேன். "இட்ஸ் எ ஃப்ரீ கன்ட்ரி"னு சொல்லிட்டு கதவை சாத்திட்டார். எனக்கு பதிலே வரலை. இங்க எதுக்கெடுத்தாலும் ஃப்ரீடம்தான். வயசானவங்க பஸ் கார்டு ஃப்ரீடம் பாஸ், மாஸ்க்கை கழட்டின நாள் ஃப்ரீடம் டே, ஈராக்ல குண்டு போட்டதுக்கும் அமெரிக்காக்காரங்க ஃப்ரீடம்னுதான் பேர் வச்சாங்க. அர்த்தமே இல்லாம போன வார்த்தையா இது?

ஒரு வாசகர், லண்டன்

தம்பி,

அர்த்தமில்லாம எல்லாம் போகலை. உங்க மேல் வீட்டுக்காரர் சொன்னது ஸ்கூல் பசங்க பெஞ்சுல இடம் பிடிக்கும்போதே சொல்ற வசனம். நாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, "என்னை தடுக்க நீ யாரு"ன்னு அர்த்தம், அவ்வளவுதான். அதை சொல்லிட்டா பேச்சு முடிஞ்சுது, உங்க தூக்கம் கணக்குலயே வராது. எதுல இருந்து விடுதலை, எதுக்கு, யாருக்குன்னு மூணு கேள்வி இருக்கு இல்லையா, தினசரி இங்கிலீஷ்ல அந்த மூணையும் கழட்டி விட்டுட்டு வார்த்தையை மட்டும் தூக்கிட்டு வர்றாங்க. எனக்கு ஆத்திரம் வர்றது அங்கதான்.

இது இன்னைக்கு வந்த தகராறும் இல்ல. 1864 ஏப்ரல்ல, அமெரிக்க உள்நாட்டுப் போர் நடுவுல, ஜனாதிபதி லிங்கன் பால்டிமோர்ல ஒரு பேச்சு பேசினார். அவர் சொன்ன வார்த்தை லிபர்ட்டி, ஆனா விஷயம் இதேதான். எல்லாரும் அதே வார்த்தையை சொல்றோம், ஒரே பொருள்ல சொல்லலை, தன் உழைப்பு தனக்குன்னு சிலர் சொல்றாங்க, அடுத்தவன் உழைப்பை நான் இஷ்டப்படி எடுத்துக்குவேன்னு சிலர் சொல்றாங்கன்னார். அதுக்கு ஒரு உதாரணமும் சொன்னார்: ஓநாய் ஆட்டோட கழுத்துல வாய வைக்குது, மேய்க்கிறவன் விரட்டுறான், ஆடு அவனை என்னை விடுவிச்சவன்னு கும்பிடுது, ஓநாயோ என் சுதந்திரத்தை கெடுத்துட்டான்னு கத்துது. அந்த ஆடு கறுப்பு ஆடுன்னும் சேர்த்தே சொன்னார், அடிமையா இருந்த கறுப்பரைத்தான் சொல்றார். அவர் அதை பேசின மேரிலாந்து மாநிலத்துல அன்னைக்கு அடிமை முறை சட்டப்படி உயிரோட இருந்துச்சுங்கிறதை மனசுல வச்சுக்கிட்டு படிச்சீங்கன்னா அதோட கனம் புரியும்.

ஃப்ரீடம் டே விஷயத்துல நீங்க சொல்றது சரி. 2021 ஜூலை 19, இங்கிலாந்துல கொரோனா கட்டுப்பாடு பெரும்பாலும் எடுத்த நாள். கேன்சருக்கு மருந்து எடுக்கிறவங்க, கிட்னி மாத்தினவங்க, இவங்களுக்கு எல்லாம் அடுத்தவங்க முகத்துல இருந்த மாஸ்க்தான் கடைக்கு போயிட்டு வர தைரியம். மத்தவங்க கழட்டின அன்னைக்கு இவங்கள்ல எத்தனையோ பேர் பயந்துபோய் வீட்டுக்குள்ள இருந்தாங்க. யாருக்கு ஃப்ரீடம்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்த பேரை வச்சிருக்க முடியாது. ஈராக்கும் அப்படித்தான், குண்டு விழுந்த ஊர்க்காரங்க கேட்டு வச்ச பேரா அது? அதே 2003லதான் பிரான்ஸ் போரை எதிர்த்துச்சுங்கிற கோபத்துல அமெரிக்க நாடாளுமன்ற கேன்டீன்ல ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸை ஃப்ரீடம் ஃப்ரைஸ்னு மாத்தினாங்க.

ஆனா பஸ் பாஸை இந்த லிஸ்ட்ல சேர்க்காதீங்க தம்பி. எனக்கு அந்த பேரு ரொம்ப பிடிக்கும். பென்ஷனை வச்சு மாசத்தை ஓட்டுற ஒரு பாட்டி டிக்கெட் காசை எண்ணாம ஆஸ்பத்திரிக்கும் பேரப்பிள்ளையை பார்க்கவும் பஸ் ஏறலாம்னா அது நிஜமான விடுதலை. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1941 ஜனவரியில நாலு விடுதலைன்னு பேசினாரே, பேச்சு, வழிபாடு, அதோட வறுமையில இருந்து, பயத்துல இருந்துன்னு, அந்த மூணாவதோட ஒரு சின்ன துண்டு அந்த கார்டுல இருக்கு.

கவனிச்சு பாருங்க, இந்த வார்த்தை நிஜமாவே தேவைப்பட்டவங்க அதை மொட்டையா சொன்னதே இல்ல. அமெரிக்காவுல 1961 மே மாசம் கறுப்பரும் வெள்ளையருமா 13 பேர் வாஷிங்டன்ல பஸ் ஏறி தெற்கே கிளம்பினாங்க, ஃப்ரீடம் ரைடர்ஸ். என்ன கேட்டாங்க? பஸ்ல எந்த சீட்லயும் உக்காரணும், பஸ் ஸ்டாண்ட்ல வெள்ளைக்காரருக்கு தனி, கறுப்பருக்கு தனின்னு இருந்த வெயிட்டிங் ரூம், கழிப்பறை, சாப்பாட்டு கவுன்ட்டர் எல்லாம் ஒண்ணாகணும். மாநிலம் விட்டு மாநிலம் போறவங்களுக்கு அந்த பிரிவினை செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1960லயே சொல்லியாச்சு, ஆனா பஸ் ஸ்டாண்ட் போர்டை யாரும் கழட்டலை. அலபாமாவுல ஆனிஸ்டன் பக்கத்துல ஒரு கும்பல் டயரை கிழிச்சு, பஸ்ஸுக்கு தீ வச்சு, புகையில மூச்சு திணறி வெளிய வந்தவங்களை அடிச்சுது. அதுக்கப்புறமும் அடுத்தடுத்து ஆள் வந்து பஸ் ஏறினாங்க, ஜெயிலுக்கு போனாங்க. அந்த வருஷம் நவம்பர் 1ல இருந்து போர்டெல்லாம் எடுக்கணும்னு மத்திய உத்தரவு வந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு மார்ட்டின் லூதர் கிங் பேசின வாஷிங்டன் பேரணியோட முழுப்பேரே வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி. வேலைதான் முதல்ல. வார்த்தைக்கு பக்கத்துலயே சீட்டும் சம்பளமும் இருந்துச்சு, அதனாலதான் இன்னைக்கும் அதை கேட்டா எனக்கு உடம்பு சிலிர்க்குது.

இப்போ உங்க மேல் வீட்டுக்கு வருவோம். அவர் சொன்ன அதே ஃப்ரீ கன்ட்ரியில ராத்திரி 11ல இருந்து காலைல 7 வரைக்கும் அக்கம்பக்க சத்தத்துக்குன்னே 1996ல ஒரு சட்டம் போட்டிருக்காங்க, 1990 சுற்றுச்சூழல் சட்டத்துலயும் சத்தம் தொல்லைங்கிற கணக்குல வருது. எந்த தேதி, எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும்னு ஒரு நோட்டுல எழுதிட்டே வாங்க. இன்னொரு தடவை பகல்ல போய் நிதானமா பேசிப் பாருங்க, "நீங்க பாட்டு கேட்கலாம், நானும் தூங்கணும், எத்தனை மணிக்கு நிறுத்துறீங்க"ன்னு நேரா மணியை கேளுங்க. கேட்கலைன்னா நோட்டோட உங்க கவுன்சில்ல, அதாவது நம்ம ஊர் மாநகராட்சி மாதிரி இருக்கிற உள்ளூர் நிர்வாகத்துல, கம்ப்ளெய்ன்ட் குடுங்க. ஸ்டூடன்ட் விசாவுல இருக்கோமேன்னு தயங்க வேண்டாம், அந்த கவுன்சில் உங்களுக்கும்தான்.