அமெரிக்கால இருக்கற ஈரான்காரங்க அவங்க கலாச்சாரத்த எப்படி விடாம வச்சிருக்காங்க?

நான் லாஸ் ஏஞ்சல்ஸ்ல வெஸ்ட்வுட் பக்கம் குடியிருக்கேன். ஈரானுக்கு வெளிய ஈரான்காரங்க ரொம்ப அதிகமா இருக்கற ஊர்ல இது ஒண்ணு, கடை போர்டு பாதி பாரசீகத்துலதான் இருக்கும். நான் பாத்த வரைக்கும் உங்க கேள்விக்கு பதில் நவ்ரூஸ்ங்கற பாரசீகப் புது வருஷம்தான்.

ஈரான்ல மன்னராட்சியக் கவுத்த 1979 புரட்சியை ஒட்டி வந்தவங்க எல்லாரும் ஒரே மாதிரி ஆளுங்க கிடையாது. முஸ்லிம், யூதர், பஹாய், ஜொராஸ்ட்ரியன், ஆர்மீனியக் கிறிஸ்தவங்கன்னு பலதரப்பு, அதுலயும் மன்னர் குடும்பத்த ஆதரிக்கறவங்க ஒரு பக்கம், அவங்கள ஆகவே ஆகாதவங்க இன்னொரு பக்கம், ஒரு விருந்துல அரசியல் பேச்ச எடுத்தா போதும் சண்டைதான். இவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குப் பொதுவா மிஞ்சினது இந்தப் புது வருஷம். இஸ்லாம் வர்றதுக்கு முன்னாடியே இருந்த பண்டிகைங்கறதால எங்களுக்கு மட்டும்தான்னு யாரும் சொல்ல முடியாது.

மார்ச்ல சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டற அந்த நொடிலதான் வருஷம் பொறக்குது, அதனால உலகம் பூரா ஒரே நேரத்துல. 2025ல இங்க ராத்திரி 2:01, தெஹ்ரான்ல மத்தியானம் 12:31. எங்க பக்கத்து வீட்டம்மா 80கள்ல துருக்கி வழியா வந்து சேந்தவங்க, அந்த நேரத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தாங்க. மேசைல பாரசீகப் பேரு 'ஸ' சத்தத்துல ஆரம்பிக்கற ஏழு பொருள், தட்டுல முளைக்க வச்ச கோதுமை, அதே முளைல மணிக்கணக்கா கிண்டின சமனூங்கற இனிப்பு, பூண்டு, ஆப்பிள், வினிகர், சுமாக்ங்கற புளிப்புப் பொடி, சென்ஜெத்னு ஒரு காய்ஞ்ச பழம், கூட ஒரு கண்ணாடி, மெழுகுவத்தி, பழைய பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸோட கவிதைப் புத்தகம். நேரம் வந்ததும் எல்லாரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க, உடனே தெஹ்ரான்ல இருக்கற தங்கச்சிக்கு வீடியோ கால். அக்காவும் தங்கச்சியும் உடனே பேசல, மொதல்ல ரெண்டு பேரும் ஒரு மூச்சு அழுதுட்டுதான் பேசினாங்க.

தங்கச்சி நேர்ல வரலாமேன்னு நாம ஈசியா கேட்டுடலாம். 1980ல ரெண்டு நாட்டு உறவு முறிஞ்சதுல இருந்து தெஹ்ரான்ல அமெரிக்க தூதரகமே கிடையாது, விசா இன்டர்வியூக்கே அங்காரா, எரெவான், துபாய்னு வேற நாட்டுக்குப் போகணும், செலவு பண்ணிப் போயும் கிடைக்கும்னு உறுதி இல்ல. 2017ல போட்ட பயணத்தடைலயும் ஈரான் இருந்துச்சு, 2025 ஜூன்ல போட்டதுலயும் இருக்கு. கூடப் பொறந்தவங்கள பாக்கறதுக்கு இவ்ளோ பாடு படணும்ங்கறது ரொம்ப அநியாயம்.

சாப்பாடு, பண்டிகை பத்தி எனக்குக் கவலை இல்ல, அது நிக்கும். கவலை படிப்புலதான். இங்க பொறந்த பசங்க வீட்ல பாரசீகம் நல்லா பேசுவாங்க ஆனா நெறைய பேருக்கு எழுத்து தெரியாது, புது வருஷத்துக்கு ஹாஃபிஸ் புத்தகத்த கண்ண மூடித் திறந்து வர்ற பாட்ட வாசிச்சு பலன் பாக்கறது வழக்கம், அத வாசிக்க இன்னும் பாட்டிதான் வேணும். அந்தம்மாவோட பேரன் இப்ப யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்துல பாரசீகத்த ஒரு பாடமா எடுத்திருக்கான், எழுத்துக்கூட்டிதான் படிக்கறான், தப்பா படிச்சா பாட்டி கிச்சன்ல இருந்தே திருத்தறாங்க.