பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறியும் சலுகை ஏன் கிடைக்கவில்லை?

குறிப்பிட்ட நேரத்துக்குள் பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறினால் கிடைக்கும் கட்டணச் சலுகை உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், பஸ்ஸில் இருக்கும் கட்டணக் கருவியில் வங்கி அட்டையைத் தட்டியிருக்கிறீர்கள். ரயிலில் அதே அட்டை ஏற்றிய போனைத் தட்டியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் முழுக் கட்டணம் பிடித்ததற்கு அதுதான் காரணம். இருபதே நிமிடத்தில் மாறிவிட்டதாகச் சொல்கிறீர்கள், அதனால் நேரத்தின் மேல் பழி போட முடியாது.

போனில் அட்டையை ஏற்றும்போது அதற்கென்று வேறொரு எண் உருவாகும். ரயில் வாசலில் இருக்கும் கருவி படிப்பது அந்த எண்ணைத்தான். பணம் ஒரே கணக்கிலிருந்து போனாலும், கருவியைப் பொறுத்தவரை பஸ்ஸில் வந்தவர் ஒருவர், ரயில் ஏறியவர் வேறொருவர். ஸ்மார்ட் வாட்ச்சுக்கும் இதே கதைதான். முதலில் எதைத் தட்டினீர்களோ, பயணம் முடியும்வரை அதையே தட்டுங்கள்.

நேரக் கணக்கையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ஊருக்கு ஊர் மாறும். லண்டன் பஸ்களில் முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரம். சிங்கப்பூரில் இறங்கி அடுத்ததில் ஏற 45 நிமிடம்; அதே எண் பஸ்ஸில் அடுத்தடுத்து ஏறினால் சலுகை கிடையாது. அங்கே இறங்கும்போது தட்ட மறந்தாலும் போச்சு: கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் பிடித்துவிடுவார்கள்.

பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. விதிப்படி பார்த்தால் கருவி சரியாகத்தான் செய்திருக்கிறது.