பொண்ணு மேடை காஸ்ட்யூம் பண்ணப்போறேன்னு நிக்குறா, விடலாமா?

"ஃபேஷன் டிசைன் படிக்கட்டுமே, அதுலயே இதுவும் வந்துடுமே"ன்னு கேட்டிருந்தீங்க. வராதுங்கம்மா. தையலும் துணி அறிவும் ரெண்டுக்கும் ஒண்ணுதான், ஆனா இங்க உடுப்பு போட்டவங்க பாடணும், ஆடணும், வேர்க்க வேர்க்க ஓடணும், அதுவும் நியூயார்க்ல பெரிய தியேட்டருங்க இருக்குற பிராட்வே மாதிரி இடத்துல வாரத்துக்கு 8 ஷோ, அதே டிரெஸ்ல.

உங்க பொண்ணு வரைஞ்சதப் பாத்தேன், நல்லா வரையுறா, ஆனா எனக்கு அதுல ஒரு கேள்விதான் இருந்துச்சு. அந்த இறுக்கமான கவுனுக்குள்ள பாடுறவங்க எப்படி மூச்சு இழுப்பாங்க? நல்லா மூச்ச இழுத்து விலா விரிஞ்சு நிக்கும்போதும் அளவு எடுக்கணும், இல்லேன்னா உச்ச ஸ்தாயில மாட்டிக்குவாங்க. கை தூக்கினா மொத்த சட்டையும் மேல ஏறாம இருக்க அக்குள்ல தனியா ஒரு துண்டு வச்சு தைக்கணும். மைக் பெட்டிக்கு இடம் ஒதுக்கணும், வேர்வை அதுக்குள்ள போகாமயும் பாக்கணும். அப்புறம் குவிக் சேஞ்ச், அரை நிமிஷத்துல ராணி பிச்சைக்காரி ஆகணும்னா வெளிய தெரியுற பட்டன் எல்லாம் சும்மா அலங்காரம்தான், பின்னாடி ஜிப்போ பிரஸ் பட்டனோ இருக்கும். வெல்க்ரோ ஈஸிதான், ஆனா அமைதியான சீன்ல 'பர்ர்ர்'னு கிழிஞ்சா டைரக்டர் முகத்த பாக்க முடியாது. எனக்கு இந்த வேலையில ரொம்பப் பிடிச்சதே இந்தத் திருட்டுத்தனம்தான்.

சம்பளம் பத்தி மறைக்காம சொல்றேன். டிசைனர்ங்க பெரும்பாலும் ஃப்ரீலான்ஸ், ஒரு ஷோவுக்கு இவ்வளவுன்னு பேசி வாங்குவாங்க, நடுவுல சும்மா இருக்குற மாசமும் வரும். அதனால முதல்ல கட்டிங், சாயம் போடுறது, டிரெஸ்ஸ எல்லாம் பராமரிக்கிற வார்ட்ரோப், நடிகருங்களுக்கு உடுப்பு மாட்டிவிடுற டிரெஸ்ஸர்னு உள்ள நுழையச் சொல்லுங்க, அது கௌரவக் குறைச்சல் இல்ல, மேடைக்குப் பின்னாடி இருட்டுல நின்னு கொக்கி மாட்டினவளுக்குத்தான் கொக்கிய எங்க வைக்கணும்னு தெரியும். பால் டாஸ்வெல்னு ஒரு காஸ்ட்யூம் டிசைனர், பிராட்வேல முதல் ஷோ 1996ல, நாடகத்துக்குக் குடுக்குற டோனி அவார்டு 2016ல, ஆஸ்கர் 2025ல. உங்க பொண்ணுக்கும் இவ்வளவு நாளாகும்னு சொல்லல, ரெண்டு வருஷத்துல முடிவு பண்ணிடாதீங்கன்னு சொல்றேன்.

காலேஜ் பாக்கப் போனா பில்டிங்க பாக்காதீங்க, தையல் ரூம் இருக்கா, வருஷத்துக்கு எத்தன நாடகம் நிஜமா மேடையேறுது, ஸ்டூடண்ட்ஸ் தைச்சத நடிகருங்க போட்டுக்கிட்டு ஆடுறாங்களான்னு கேளுங்க. போர்ட்ஃபோலியோவுல வெறும் படம் பத்தாது, எந்த சீன்ல யார் என்ன போடுறாங்க, எங்க மாத்துறாங்கன்னு ஒரு சார்ட், ஃபிட்டிங்ல எடுத்த போட்டோ, தப்பா போனதும் சேத்துத்தான்.

ஃபீஸ் கட்றதுக்கு முன்னாடி இந்த லீவுலயே ஒண்ணு பண்ணச் சொல்லுங்க, ஒரே ஒரு பாட்டு, ஒரே ஒரு டிரெஸ், அவளே தைச்சு ஃப்ரெண்டுக்குப் போட்டுவிட்டு முழுப் பாட்டுக்கும் ஆடவிடட்டும். எங்கயாவது கண்டிப்பா கிழியும். கிழிஞ்சதும் அழுவுறாளா, ஊசிய எடுக்குறாளான்னு பாத்துட்டு அடுத்த வாரம் அவளையும் கூட்டிட்டு வாங்க, பேசலாம்.