பவுன்ஸ் ரேட் 78%: பணம் கட்டிக் குறைக்க வேண்டுமா?

கேள்வி: குமுளியில் ஏலக்காய், மிளகு, கிராம்பு கடை வைத்திருக்கிறோம். கடைக்கு வெப்சைட் உண்டு. புத்தடி, போடி ஏல விலையையும் தினமும் அதில் போடுகிறோம். பவுன்ஸ் ரேட் 78% காட்டுகிறது. சைட் செய்து கொடுத்தவர், "இது 40-க்குக் கீழே வரணும், மாசாமாசம் ஒரு தொகை கட்டுங்க, குறைச்சுத் தர்றேன்" என்கிறார். கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம். அந்த 78 எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

ஒருவர் சைட்டுக்குள் வந்து போவதை, வருகைகளை எண்ணிக் காட்டும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸ் 'செஷன்' என்கிறது. அந்த வருகை 10 வினாடிக்கு மேல் நீடிக்க வேண்டும், அல்லது இரண்டு பக்கமாவது திறந்திருக்க வேண்டும், அல்லது நீங்கள் 'கீ ஈவென்ட்' என்று குறித்து வைத்த ஒரு செயல் நடந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்றுகூட இல்லையென்றால் அது பவுன்ஸ். நூறு வருகையில் எத்தனை பவுன்ஸ் என்பதுதான் பவுன்ஸ் ரேட். 2023 ஜூலையில் நிறுத்தப்பட்ட பழைய அனலிட்டிக்ஸில் கணக்கே வேறு: ஒரே பக்கத்தைப் பத்து நிமிடம் படித்துவிட்டு மூடினாலும் அது பவுன்ஸ்தான். அந்தக் கால எண்ணையும் இப்போதைய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை.

இனி உங்கள் சைட்டுக்கு வருவோம். அனலிட்டிக்ஸில் ரிப்போர்ட்ஸ், என்கேஜ்மென்ட், லேண்டிங் பேஜ் (வருபவர் முதலில் இறங்கும் பக்கம்) என்று போங்கள். பவுன்ஸ் ரேட் அங்கே தானாகத் தெரியாது. வலது மேல் மூலையில் உள்ள பென்சிலை அழுத்தி, மெட்ரிக்ஸில் அதைச் சேர்த்துச் சேமிக்க வேண்டும். பென்சிலே இல்லையென்றால் உங்களுக்கு எடிட்டர் அனுமதி தரப்படவில்லை, கேட்டு வாங்குங்கள். கடை உங்களுடையது, கணக்கும் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

பெரும்பாலும் தெரியவருவது இப்படி இருக்கும். ஒரு கணக்குக்கு, 1,000 வருகையில் 800 ஏல விலைப் பக்கத்தில் இறங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். வண்டன்மேட்டிலிருந்து ஒரு விவசாயி திறக்கிறார், சராசரி விலை, அதிகபட்ச விலை இரண்டையும் பார்க்கிறார், ஆறு வினாடியில் மூடிவிடுகிறார். வந்த காரியம் முடிந்தது, நாளைக்கும் வருவார். அந்தப் பக்கத்தில் 90% பவுன்ஸ் என்றால் 720. மீதி 200 வருகை விற்பனைப் பக்கங்களில், அங்கே 30% என்றால் 60. கூட்டினால் 780, அதாவது அதே 78%. கடையில் ஒரு குறையும் இல்லை!

இதுவே 8 எம்.எம். காய் விற்கும் பக்கத்தில் 80% என்றால் கவலைப்பட வேண்டியதுதான். அந்தப் பக்கத்தை உங்கள் போனில், வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். கேமராவிலிருந்து எடுத்தபடியே ஏற்றிய 4 எம்.பி. படம், மலையில் ஒற்றைக் கோடு சிக்னலில் இறங்குவதற்குள் வந்தவர் போய்விடுவார். அகலத்தை 1,200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமித்தால் 200 கே.பி.க்குள் அடங்கும். பக்க வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் மொபைல் சோதனை போட்டு, எல்சிபி (LCP), அதாவது திரையில் உள்ள பெரிய படமோ எழுத்தோ தெரிய ஆகும் நேரம், 2.5 வினாடிக்குள் வருகிறதா என்று பாருங்கள். அடுத்தது விலை. கால் கிலோ என்ன விலை, கூரியர் எவ்வளவு என்பது முதல் திரையிலேயே தெரிய வேண்டும். மலையாளத்தில் தேடி வந்தவருக்குத் தமிழ்ப் பக்கம் திறந்தாலும் இதே கதிதான். அதற்கு மலையாளப் பக்கம் தனியாக வேண்டும்.

உங்களைப் போன்ற கடைகளில் அதிகம் தவறுவது போன் அழைப்பு. நம்பரைப் பார்த்ததும் ஐந்தே வினாடியில் கூப்பிட்டு இரண்டு கிலோ ஆர்டர் கொடுத்தவரும் பவுன்ஸில் விழுவார். இப்படிப்பட்ட செயல்களை அனலிட்டிக்ஸுக்குத் தெரிவிக்கும் கருவியான கூகுள் டேக் மேனேஜரில் போன் லிங்க் கிளிக்குக்கு ஒரு ட்ரிக்கர் வைத்து, அதைக் கீ ஈவென்ட்டாகக் குறிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் பட்டனுக்கும் அப்படியே.

மாதத் தொகைக்கு எண்ணைக் குறைப்பது சுலபம் என்பதும் தெரிந்திருக்கட்டும். பக்கம் திறப்பதையே கீ ஈவென்ட் ஆக்கிவிட்டால் பவுன்ஸ் ரேட் ஒரே நாளில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். வருகையை எண்ண சைட்டில் வைக்கும் நிரல் துண்டான டேக்கை இரண்டு முறை ஒட்டினாலும் ஒரு பக்கம் இரண்டாக எண்ணப்பட்டு 2%, 3% என்று காட்டும். தராசுத் தட்டில் விரலை வைக்கிற வேலை இது. கூகுள் தேடலில் மேலே வர இந்த எண் உதவும் என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். அனலிட்டிக்ஸ் தரவைத் தேடல் வரிசைக்கு எடுப்பதில்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது.

அவருக்குக் காசு கொடுப்பதானால் படங்களைச் சுருக்கவும், போன், வாட்ஸ்அப் கிளிக்குகளைக் கணக்கில் கொண்டுவரவும் ஒருமுறைக் கூலியாகக் கொடுங்கள். கீ ஈவென்ட் குறித்த நாளுக்கு முந்தைய வருகைகளுக்கு அது பொருந்தாது. அதனால் நாலு வாரம் விட்டு, விலைப் பக்கத்தை ஒதுக்கிவிட்டு, விற்பனைப் பக்கங்களை மட்டும் திரும்பப் பாருங்கள்.