கொப்பியில் உயிரோடிருக்கும் மான், ஓவியத்தில் பொம்மையாவது ஏன்?

கேள்வி: நான் திருகோணமலையில் ஆசிரியையாக இருக்கிறேன். பஸ்ஸிலும் சந்தையிலும் கடற்கரையிலும் கண்டதையெல்லாம் சின்னக் கொப்பியில் பென்சிலால் வரைந்துவைப்பது பல வருடப் பழக்கம். அவற்றைப் பெரிய தாளில் நீர்வர்ணத்தால் தீட்டும்போது உயிர் போய்விடுகிறது. கைபேசியில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீட்டியும் சரிவரவில்லை. கோட்டை மான், கரைவலை ஆகிய இரண்டு பக்கங்களை அனுப்பியிருக்கிறேன். எங்கே பிழைவிடுகிறேன்?

பதில்: சகோதரி, உங்கள் மானை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தலையைத் திருப்புவதற்குள் போட்ட கோடு. கழுத்தின் வளைவும் காதின் விறைப்பும்தான் அங்கே இருக்கின்றன. பின்னால் நின்ற மதிலையும் மரத்தையும் நீங்கள் எடுக்கவில்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று உங்கள் கை அப்போதே தீர்மானித்துவிட்டது. வீட்டுக்கு வந்து கைபேசியைத் திறந்ததும், வேண்டாம் என்று விட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறீர்கள். பிழை அங்கேதான். கொம்பு எத்தனை கிளை என்று சரிபார்க்கப் படத்தைத் திறவுங்கள். பார்த்ததும் மூடிவிடுங்கள்.

பென்சில் கோட்டில் நிறமும் வெளிச்சமும் இல்லை என்பது உண்மை. அதற்குச் சொற்களே போதும். 1832இல் மொரோக்கோவுக்குப் போன பிரெஞ்சு ஓவியர் டெலாக்ருவா, பயணக் கொப்பியில் உருவத்துக்குப் பக்கத்திலேயே நிறங்களை எழுதிவைத்தார். அந்தக் கொப்பிகளின் துணையோடு 1863இல் இறக்கும்வரை வட ஆபிரிக்கக் காட்சிகளைத் தீட்டிவந்தார். இங்கிலாந்து ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள், மேகங்களை வரைந்த தாள்களின் பின்புறத்தில் திகதி, நேரம், காற்றின் திசை எல்லாம் குறித்தார். கடலோரத்தில் இருக்கும் நமக்கு இது இன்னும் அவசியம். கச்சான் வீசும் ஆடிக் கடலும் வாடை வீசும் மார்கழிக் கடலும் ஒரே நீலமல்ல.

2009இல் பாலம் திறக்கப்படுவதற்கு முன், கிண்ணியாவுக்குப் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் போவோம். அப்படி ஒரு நாள் பாதையில் நின்றபடியே வரைந்த பக்கம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கோடுகள் மிகவும் மோசம். ஆனால் ஓரத்தில், ‘காலை 7. வெயில் இடப்பக்கம். தண்ணீர் பழைய போத்தல் பச்சை. சைக்கிள்காரரின் சட்டைதான் எல்லாவற்றிலும் வெள்ளை’ என்று எழுதியிருந்தேன். பல வருடங்கள் கழித்து அந்த நான்கு வரியை வைத்துத்தான் ஓவியத்தைத் தீட்டி முடித்தேன். சட்டையைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதைவிட ஒரு படி இருட்டாக்கினேன்.

இனிக் கரைவலை. நீங்கள் வரைந்த பன்னிரண்டு பேருக்கும் கண், மூக்கு, சாரத்தின் கோடு எல்லாம் இருக்கின்றன. வலையின் பாரம் மட்டும் எங்கும் தெரியவில்லை. வர்ணத்தைத் தொடுவதற்கு முன், தீப்பெட்டி அளவில் நாலைந்து சின்னப் படங்கள் போடுங்கள். வெள்ளை, நடுச்சாம்பல், கருமை ஆகிய மூன்றைத் தவிர அவற்றில் வேறொன்றும் வேண்டாம். ஆட்கள் எல்லோரையும் பின்னால் சாய்ந்த ஒரே கருந்திரளாக்குங்கள். கயிறு அந்தத் திரளிலிருந்து கடலுக்குள் விறைத்த ஒரே நேர்கோடாகப் போகட்டும். முன்னால் நிற்கும் முதியவரின் சாரத்துக்கு மட்டும் சிவப்பு. சின்னப் படத்தில் அந்த இழுவை தெரியாவிட்டால் பெரிய தாளிலும் தெரியாது. இந்த ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் போனாலும் பரவாயில்லை.

பெரிதாக்குவது சுலபம். ஏ5 கொப்பிப் பக்கத்தில் 2 சென்ரிமீற்றர் கட்டமும் ஏ3 தாளில் 4 சென்ரிமீற்றர் கட்டமும் போட்டால் அளவு அப்படியே பொருந்தும். கோட்டை மெல்லியதாகப் போடுங்கள். தாள் சதுர மீற்றருக்கு 300 கிராம் கனமுள்ளதாக இருக்கட்டும். மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் அலையலையாக எழும்பி, வர்ணம் பள்ளத்தில் தேங்கிவிடும்.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் சொல்லவேண்டும். சித்திரை வருடப்பிறப்பையொட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் நேரே தலைக்குமேல் நிற்கும். நிழல் காலடியில் சுருங்கிக் கிடக்க, பொருள்களின் திரட்சி காணாமல் போய்விடும். ஆகவே காலை ஒன்பதுக்கு முன்பும் பிற்பகல் நான்குக்குப் பின்பும் வரையுங்கள். ஒல்லாந்தர் குடாப் பக்கம் காலை வெயில் கடலிலிருந்து வரும். மாலை வெயிலுக்கு உள்துறைமுகப் பக்கம் போங்கள். வெளியில் வர்ணமும் தீட்டுவதானால் தாளை நிழலில் வையுங்கள். வெயில் படும் தாள் கண்ணைக் கூசவைக்கும். அந்தக் கூச்சத்தில் போடும் நிறம் வீட்டுக்குள் வந்ததும் கறுத்துத் தெரியும்.

வெள்ளைச் சுவரின் நிழலுக்குக் கறுப்பைத் தொடாதீர்கள். அல்ட்ராமரீன் நீலத்தோடு பேர்ன்ற் சியன்னா என்ற செம்பழுப்பைக் கொஞ்சம் கலந்தால் நல்ல சாம்பல் வரும். வானத்தைப் பார்த்திருக்கும் நிழலில் நீலத்தைக் கூட்டுங்கள், மணலுக்கு அருகில் சியன்னாவை. நீர்வர்ணம் காய்ந்தால் வெளிறும் என்பதால் நினைத்ததைவிடச் சற்று அழுத்தமாகவே போடவேண்டும்.

முதலில் மானையே எடுங்கள். புள்ளிகளை எண்ணாதீர்கள். முதுகில் வெயில் விழும் இடத்தில் ஏழெட்டுப் புள்ளிகளைத் தாளின் வெள்ளையாக விட்டால் போதும். வயிற்றுப் பக்கத்தில் அவை ஈர வர்ணத்தோடு கரைந்து போகட்டும். காதைக் கடைசிக்கு வையுங்கள். தாள் நன்றாகக் காய்ந்த பிறகு, கொப்பியில் போட்ட அதே வேகத்தில், ஒரே தீற்றலில் போடுங்கள்.